சத்தம் நின்ற பன்னிரண்டு நிமிடம்

வாண்டுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம். சுகம் என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா கொஞ்சம் நின்றுவிட்டது, ஆனால் இன்றைய தேதிக்குச் சுகம்தான், பயப்படாமல் மேலே படி. நீயும் மாப்பிள்ளையும் அங்கே நோய்நொடி இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். அம்மா பேசி முடித்த பிறகு கடைசியில் நான் பேசும் அந்த ஐந்து நிமிடமும் அவள் பக்கத்திலேயே இருக்கிறாள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். இதில் எழுதப்போவதில் பாதியை அந்த முகத்துக்கு முன்னால் என்னால் சொல்ல முடியாது. மீதிப் பாதியை அவள் சொல்ல விடமாட்டாள். ஆபீஸில் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் கையில் ஒன்றும் இல்லை, மேஜைக்குத்தான் ஒரு கால் குட்டை.

போன மாதம் நீ ஒன்று கேட்டாய். மேல்வீட்டில் தினமும் விடியற்காலையில் எதையோ உருட்டுகிறார்கள், இங்கேயும் சுகாதார ஆபீஸ் இருக்கிறது, எழுதிப் போட்டால் வந்து அளப்பார்களாம், நீங்கள் அங்கே என்னப்பா செய்வீர்கள் என்று. பார்க்கலாம் பார்க்கலாம் என்று பேச்சை மாற்றிவிட்டேன். இருபத்தொன்பது வருடமாக அதே வேலையைச் செய்கிறவன் பதில் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. இப்போது சொல்கிறேன். நாங்கள் செய்வது இவ்வளவுதான். ஒருவர் வந்து சத்தம் தாங்கவில்லை என்பார். வாயால் சொன்னால் போதாது என்போம். ஒரு படிவம் கொடுப்போம். பதினான்கு நாள், நாளுக்கு ஒரு வரி. எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எப்போது நின்றது, என்ன மாதிரிச் சத்தம், உங்களுக்கு என்ன பாதிப்பு. அந்தக் கடைசிக் கட்டம்தான் அகலமானது, அதைத்தான் யாரும் நிரப்பமாட்டார்கள், தொல்லை என்று ஒரு சொல்லை எழுதிவிட்டுக் கீழே எல்லாம் மேற்படி மேற்படி என்று போட்டுக்கொண்டு போவார்கள். பத்துப் பேர் வாங்கிப் போனால் மூன்று பேர் திருப்பிக் கொண்டுவருவார்கள். மற்ற ஏழு பேருக்குக் கோபம் பதினான்கு நாள் தாங்காது. அதற்குத்தான் அந்தப் படிவம் என்பதை நாங்கள் யாரும் வெளியே சொல்வதில்லை. திரும்பி வந்த மூன்றுக்கு மட்டும் சத்தம் அளக்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு போவோம். ஆபீஸ் முழுவதற்கும் ஒரே மீட்டர், கறுப்புப் பெட்டிக்குள் இருக்கும். சொல்லாமல் கொள்ளாமல் போக வேண்டும். புகார் கொடுத்தவர் படுக்கும் அறையில், உட்கார்ந்தவர் காது உயரத்தில், சுவரிலிருந்து ஒரு கை தள்ளி வைக்க வேண்டும். ஃபேனை நிறுத்த வேண்டும், ஒருவரும் பேசக் கூடாது. சத்தம் இருக்கும்போது பத்து நிமிடம், அதே இடத்தில் சத்தம் இல்லாதபோது பத்து நிமிடம். இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் விஷயமே. ஆனால் இரண்டும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். பெட்டியைத் தெருமுனையில் பார்த்ததுமே மிஷினை அணைத்துவிடுவார்கள், எங்கள் தலை மறையும்வரை போடமாட்டார்கள். லேத் பட்டறைக்காரர், ஐஸ் கம்பெனிக்காரர், எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு, "சத்தமா? இங்கயா சார்?" என்று ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நிற்பார்கள். நான் வீட்டுக்கு வந்து அவர்களைப் போலவே நின்று காட்டுவேன். நீயும் அம்மாவும் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள்.

நீ அனுப்பிய மூச்சு மிஷின் வந்து எட்டு மாதம் ஆகிறது. அம்மாவின் நுரையீரலுக்கு ராத்திரி பகல் நிற்காமல் அது வேண்டும் என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். நடு அறையில் வைத்தோம், அங்கே பிளக் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது, அங்கேதான் அம்மாவின் கட்டில், கட்டிலுக்கு எதிரே தெருவைப் பார்த்த ஜன்னல். மர பெஞ்சின் மேல், சுவரை ஒட்டி. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பஸ் டிரைவரின் படுக்கையறை. நீ போன பிறகு குடிவந்தவர்கள், நீ பார்த்ததில்லை. ராத்திரி ஓடும் தூரத்து பஸ் அவருக்கு, காலை எட்டு மணிக்கு வருவார், ஒன்பதுக்குப் படுப்பார், ஐந்து மணிக்குத் திரும்பவும் கிளம்பிவிடுவார். அவர் மனைவிதான் நான் ஆபீஸில் இருக்கும் நேரத்தில் தினமும் பதினோரு மணிக்கு ஒருமுறை, மூன்று மணிக்கு ஒருமுறை அம்மாவை வந்து பார்த்துவிட்டுப் போகிறவள். நான் கேட்டுக்கொண்டதில்லை, அவளாக வந்தது.

அவள்தான் வந்தாள். ஒரு நாள் சாயங்காலம் நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலில் நின்றுகொண்டு, "சார், ஒண்ணும் நெனச்சுக்காதீங்க, அக்கா மிஷின் சத்தம் சுவத்துலயே வருது, அவரு கண்ண மூடவே இல்ல, ஒரு மாசமாச்சு" என்றாள். அந்த நேரத்தில் என் கை செய்ததை நீ நம்பமாட்டாய். பையைத் திறந்து படிவத்தை எடுத்துக் கொடுத்தது. "வாய்ல சொன்னா பத்தாதும்மா, பதினாலு நாள் எழுதிக் குடுங்க" என்று என் வாய் சொன்னது. என் வீட்டு வாசலில், என் வீட்டைப் பற்றி. பழக்கதோஷம் என்று உன்னிடம் சொல்லித் தப்பிக்கலாம், ஆனால் பாதிதான் பழக்கம். மீதிக்கு எனக்கே தெரியும், வாங்கிப் போகிறவர்களில் ஏழு பேர் திரும்புவதில்லை. அவளும் அந்த ஏழில் ஒருத்தியாக இருப்பாள் என்று நினைத்தேன். அதோடு விடாமல், பகலுக்கு ஒரு அளவு, ராத்திரிக்கு ஒரு அளவு உண்டு, பகலில் இந்தச் சத்தம் குற்றத்தில் வராது என்றும் சொல்லிவைத்தேன். அது உண்மைதான். ராத்திரி வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவனுக்கு எங்கள் புத்தகத்தில் பக்கம் கிடையாது. அவள் படிவத்தை இரண்டாக மடித்து வாங்கிக்கொண்டாள். உள்ளே இருந்து அம்மா, "ஆபீசர். வீட்டுக்கே. பிராஞ்ச் தொறந்துட்டாரு" என்றாள். இப்போதெல்லாம் அம்மா மூன்று சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கித்தான் பேசுகிறாள், அதனால் வீண் சொல் ஒன்றும் வருவதில்லை, குத்தல் மட்டும் வருகிறது.

பதினைந்தாம் நாள் படிவம் என் மேஜைக்கு வந்தது. டிரைவரே எழுதியிருந்தார், பென்சிலில். ஒரு இடத்தில்கூட மேற்படி போடவில்லை. ஒன்பது நாற்பது முதல் நான் கிளம்பிய ஐந்து மணி வரை, ஊம் என்ற சத்தம், படுத்திருந்தேன். அடுத்த நாள், சமையல்கட்டில் படுத்தேன், அங்கேயும் தரையில் கேட்கிறது. ஐந்தாம் நாள், தலையணையைக் காதுமேல் வைத்துக்கொண்டேன், அக்கா இருமுவதும் கேட்டது. ஒன்பதாம் நாள் எழுதியிருந்ததை அப்படியே எழுதுகிறேன். "தூக்கம் இல்லை. பாலத்துக்கு முன்னால் கண் சொருகிவிட்டது. கண்டக்டர் தோளைத் தட்டினார். நாற்பத்தொரு பேர்." அவ்வளவுதான். நான் அதை மேலதிகாரியிடம் கொண்டுபோய், இது என் வீடு, நான் பார்க்கக் கூடாது என்றேன். அவர் படித்துக்கூடப் பார்க்காமல், "உங்க வீடா, நல்லாருக்கே" என்று சிரித்துவிட்டுப் பக்கத்து வார்டு ஆய்வாளரிடம் தள்ளினார். அந்த அம்மாளுக்கு ஆபீஸில் அளவுகோல் என்று பெயர். அரை டெசிபலுக்கும் விட்டுக்கொடுக்காது. பெயர் வைத்தது நான்தான்.

வீட்டில் நான் சும்மா இருக்கவில்லை. பெஞ்சுக்கு அடியில் போர்வையை மடித்து வைத்துப் பார்த்தேன், மிஷின் சூடாகிக் கத்தியது. மெக்கானிக் வந்து, "மூச்சு விடுற மிஷினையே மூச்சு முட்ட வெப்பீங்களா சார்?" என்று திட்டிவிட்டுப் போனான். டியூபை நீளமாக்கி மிஷினை மட்டும் வேறு இடத்தில் வைக்கலாமா என்று கேட்டேன். ஒரு அளவுக்கு மேல் நீட்டினால் காற்று சரியாகப் போய்ச் சேராது என்றான். அப்படியென்றால் கட்டிலோடு பின்னறைக்குப் போவது ஒன்றுதான் வழி. அதாவது உன் அறை. அதற்குப் பக்கத்து வீடு கிடையாது, வெறும் தண்ணீர்த் தொட்டிதான். அம்மாவிடம் சொன்னேன். "அது வாண்டு ரூமு" என்றாள். அதுவும் தெரியும் என்றேன். "அவ வந்தா. எங்க படுப்பா?" என்றாள். ஆறு வருடமாக அந்தக் கட்டிலில் உறை மாற்றுகிறோம், துவைத்து, மடித்து, மாற்றுகிறோம். இதை உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. உன் வேலை, விசா, லீவு எல்லாம் எனக்குத் தெரியும். அந்த அறையைக் கையில் எடுத்துக்கொண்டால் எதையோ ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று இரண்டு பேரும் பயந்தோம், அவ்வளவுதான். அந்தப் பயத்துக்காகச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷன் தூங்காமல் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான்.

மீட்டர் பெட்டியின் சாவி என் மேஜை டிராயரில் இருக்கும். எடுக்கிறவர்கள் முந்தின நாளே பதிவேட்டில் தெருவும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். புதன்கிழமை அளவுகோல் வந்து என் முகத்தைப் பார்க்காமல் சாவி கேட்டாள். அவள் போனதும் பதிவேட்டைத் திருப்பினேன். எங்கள் தெரு. வியாழன், காலை பதினொன்று. அவளுக்கும் தெரியும் நான் பார்ப்பேன் என்று. மறைத்து எழுத அவளால் முடியாது, அவள் அப்படி. நான் பார்க்காமல் இருந்திருக்கலாம், என்னால் முடியவில்லை, நானும் அப்படி. வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டேன். அம்மா, "என்ன, ஊர்ல. சத்தமே இல்லியா இன்னைக்கு?" என்றாள். தலைவலி என்றேன். பத்தே முக்காலிலிருந்து ஜன்னலில் நின்றேன். பதினொன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கறுப்புப் பெட்டி ஜன்னலைத் தாண்டிப் போனது. நான் மிஷினை அணைத்தேன்.

கரண்ட் போனால் உபயோகிக்க ஒரு சின்ன சிலிண்டர் வைத்திருக்கிறோம், அதில் சத்தம் இருக்காது. மிஷினிலிருந்து டியூபைக் கழற்றி சிலிண்டரில் மாட்டினேன். மிஷினுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுப்போம் என்று சொன்னேன். அம்மா ஜன்னலையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். நான் எத்தனையோ வருடமாக மீட்டரைத் திறந்ததும் முதலில் அது சரியாக அளக்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் மறுவேலை பார்க்கிறவன். அன்றைக்கு சிலிண்டரின் முள் எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்க்கவில்லை. நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டின் அமைதி. கடிகாரம் கேட்டது. சமையல்கட்டில் குழாய் சொட்டுவது கேட்டது, அது சொட்டுகிறது என்பதே அன்றைக்குத்தான் தெரியும். அந்த முதல் ஐந்து நிமிடம் எனக்கு நன்றாக இருந்தது, வாண்டு. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். அம்மா கண்ணை மூடியிருந்தாள். அவளுக்கும் நன்றாக இருக்கிறது போல என்று நினைத்தேன். பிறகு அவள் கழுத்துக் குழி உள்ளே போய் வருவதைப் பார்த்தேன். ஆக்சிஜன் அளவு பார்க்கும் கிளிப்பை அவள் விரலில் மாட்டினேன். எப்போதும் தொண்ணூற்று இரண்டு காட்டும். எண்பத்து மூன்று. கிளிப் கோளாறு என்று அடுத்த விரலில் மாட்டினேன். எழுபத்தொன்பது. சிலிண்டர் முள் அடியில் கிடந்தது. அப்போதும் அவள் மிஷினைப் போடச் சொல்லவில்லை. கையால் சுவரைக் காட்டினாள், அந்தப் பக்கம் அளக்கிறார்கள், பொறு என்று. எனக்காகப் பொறுத்துக்கொண்டிருந்தாள். டியூபை மாட்டுவதற்குள் இரண்டு முறை நழுவியது. மிஷின் ஊம் என்று எழுந்தது. அந்தச் சத்தத்தை அப்படி ஆசையாக நான் கேட்டதே இல்லை. தொண்ணூறு வருவதற்கு இருபது நிமிடம் ஆனது. அவள் பாதங்களைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவள் முதலில் பேசியது, "லேத் பட்டறைக்காரரு. தோத்தாரு போங்க" என்று.

கொஞ்ச நேரத்தில் அளவுகோல் வந்து கதவைத் தட்டினாள். பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்தாள். கட்டிலைப் பார்த்தாள், சிலிண்டரைப் பார்த்தாள், என் சட்டை நனைந்திருந்ததைப் பார்த்தாள். அம்மா, "வாம்மா, உக்காரு, சார்தான். உனக்கு வேல வெச்சுட்டாரு" என்றாள். அளவுகோல் உட்காரவில்லை. "சார், எனக்கு ரெண்டு அளவும் கிடைச்சிருச்சு. பன்னெண்டு நிமிஷம் இல்லாம, அப்புறம் இருந்து. சர்வீஸ்லயே இப்படிச் சுத்தமா கிடைச்சதில்ல" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை, அவளுக்குக் கேலி வராது. சத்தம் இல்லாதபோது முப்பத்தொன்று, இருக்கும்போது நாற்பத்து மூன்று. நான் அணைத்துவிட்டேன், அளப்பது தெரிந்துதான் அணைத்தேன், அதையும் எழுதும்மா என்றேன். அவள் படிவத்தை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள். "அதுக்குக் கட்டம் இல்ல சார்" என்றாள். பிறகு வாசல்வரை போய்த் திரும்பி வந்து, குரலைத் தணித்து, "சிலிண்டர மாத்திருங்க சார்" என்றாள். சாயங்காலம் ரிப்போர்ட் வைத்தாள். தொல்லை உண்டு, குற்றம் இல்லை, இயந்திரத்தைப் பொதுச்சுவரிலிருந்து அகற்றப் பரிந்துரை. அவளுக்கு வைத்த பெயரை அன்றைக்கு மனசில் திரும்ப எடுத்துக்கொண்டேன். ஆபீஸில் அதுவே நிலைத்துவிட்டது, இனி என்ன செய்ய.

மறுநாள் லீவை நீட்டிக்கொண்டு டிரைவர் வீட்டுக்குப் போனேன். எத்தனை பேர் படுக்கையறையில் போய் உட்கார்ந்து அளந்திருக்கிறேன், என் சுவரின் அந்தப் பக்கத்தை மட்டும் போய்ப் பார்க்கவில்லை. காலை பத்து மணி. அவர் படுக்கவே இல்லை, பனியனோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பெரிய ஆள், கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடக்கிறது. சுவரில் கையை வைத்துப் பார்த்தேன். உள்ளங்கையில் ஒரு வண்டு இருக்கிற மாதிரி இருந்தது. தலைமாட்டில் வைத்திருந்த தம்ளரில் தண்ணீர் மேலே மெல்ல நடுங்குகிறது. இது காதுக்குக் கேட்கிற சத்தமே இல்லை, எலும்புக்குக் கேட்கிற சத்தம். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், அதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். "சார், அக்கா மூச்சு விடுறது எனக்குத் தொல்லைன்னு எழுத எனக்கென்ன ஆசையா? கையெழுத்துப் போடும்போது கை கூசுச்சு. ஆனா வண்டியில இருக்கிறவங்களும் யாரோட அக்காவோதானே" என்றார். நான் சுவரிலிருந்து கையை எடுத்தேன். "நேத்து திடீர்னு நின்னுச்சு பாருங்க. அய்யோ, அக்காவுக்கு என்னவோ ஆயிருச்சுன்னு எந்திரிச்சு உக்காந்துட்டேன். இவதான், இருங்க, சார் வீட்லதான் இருக்காரு, அவருதான் அணைச்சிருப்பாருன்னு கையப் புடிச்சு நிறுத்துனா. பன்னெண்டு நிமிஷமும் சுவத்துலயே காத வெச்சிருந்தேன். திரும்பப் போட்டீங்க, அப்புறந்தான் எனக்கு மூச்சு வந்துச்சு" என்றார். அவர் மனைவி கதவோரம் நின்று, "அதுக்கப்புறம் அர மணி நேரம் தூங்குனாரு சார், அந்தச் சத்தத்துலயே" என்றாள். மூன்று பேரும் கொஞ்சம் சிரித்தோம். என்னால் அங்கே அதற்கு மேல் உட்கார முடியவில்லை.

அன்றைக்கே மாற்றிவிட்டோம். நான் ஒன்றும் சொல்லவில்லை, அம்மாவே காலையில் எழுந்ததும், "சாவிய எடுங்க. பின்ரூமு" என்றாள். டிரைவர் டியூட்டிக்குப் போவதற்கு முன்னால் வந்து கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்தார், மறுபக்கம் நானும் அவர் மனைவியும். மிஷினை அவர் ஒருவரே குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டுபோய் வைத்தார். உன் கட்டிலைப் பிரித்துப் பலகையாகச் சுவரில் சாய்த்திருக்கிறோம். உன் புத்தகமெல்லாம் முன்னறை அலமாரியில், வரிசை மாறியிருக்கும், திட்டாதே. உன் மேஜையில் இப்போது அம்மாவின் மாத்திரைகள். அந்த ஜன்னலில் தண்ணீர்த் தொட்டியைத் தவிர ஒன்றும் தெரிவதில்லை. தெருவைப் பார்க்காமல் அம்மாவுக்குப் பொழுது போகாது என்பது உனக்கே தெரியும். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். சாயங்காலம் நான் வந்ததும் ஜன்னலில் பத்து நிமிடம் நின்று, தெருவில் யார் போனார்கள், யார் வந்தார்கள், என்ன கட்டியிருந்தார்கள் என்று போய்ச் சொல்ல வேண்டும். "பொய் சேக்காம. ரிப்போர்ட் மாதிரி" என்கிறாள். நேற்று மூலைவீட்டு வாத்தியார் புதுக் குடை வாங்கியிருக்கிறார் என்று சொன்னேன். என்ன கலர் என்று கேட்டாள், திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன்.

இப்போது எழுத வேண்டியதற்கு வருகிறேன், இதை எழுதத்தான் மேலே அத்தனையும் எழுதினேன். சனிக்கிழமை சிலிண்டர்காரன் வந்தான். அவன்மேல் இரண்டு நாளாகச் சேர்த்துவைத்திருந்த கோபத்தை எல்லாம் கொட்டினேன், பாதி நிரப்பி ஏமாற்றுகிறாய், என் வீட்டில் உயிர் போகத் தெரிந்தது என்று வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். அவன் நிதானமாக நோட்டைக் காட்டினான். "சார், முழுசா வெச்சுட்டுப் போனேன், நீங்களேதான் முள்ளப் பாத்துக் கையெழுத்துப் போட்டீங்க. அஞ்சு வாரமா உங்க வீட்ல மட்டும்தான் இப்படி ஆகுது, அவ்ளோ கரண்டா போகுது இங்க?" என்றான். கரண்ட் போகவில்லை. அவனை அனுப்பிவிட்டு உள்ளே போனேன். அம்மா தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நோட்டில் பார்த்ததைச் சொன்னேன், பிறகுதான் சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ போனில், அம்மா, பின்னால் அது என்ன இரைச்சல், நீ பேசுவதே கேட்கவில்லை என்றாயாம். நினைவிருக்கிறதா? உனக்கு இருக்காது, அது ஒரு சாதாரணப் பேச்சு. அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, நீ பேசும் நேரத்துக்கு முன்னால் நான் கடைக்குப் போயிருக்கும்போது அவளே மிஷினை அணைத்துவிட்டு சிலிண்டருக்கு மாறியிருக்கிறாள். ஒரு மணி நேரம், சில நாள் அதற்கும் மேலே. காற்றையும் கூட்டி வைத்துக்கொண்டாளாம், குரல் திணறாமல் வர வேண்டும் என்று. "அவ கேட்டா. சந்தோஷப்படறா. மிஷினே இல்லாமப் பேசறியேம்மான்னு" என்றாள். தன் பேச்சு முடிந்ததும், நான் கடையிலிருந்து வந்து போனை வாங்குவதற்குள், திரும்ப மாற்றிவிடுவாள். நானும் கவனிக்கவில்லை. சத்தம் அதிகமானால் கவனிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம், குறைந்ததைக் கவனிக்கத் தெரியவில்லை. போன மாதம் நீ என்னிடம், அம்மா குரல் எவ்வளவோ தேவலையாக இருக்கிறது, அடுத்த வருடம் வரலாம் போலிருக்கிறது, அவசரம் ஒன்றும் இல்லை என்றாயே, அது அந்தக் குரலை வைத்துச் சொன்னது. அவள் குரல் அப்படி இல்லை, வாண்டு. மூன்று சொல்லுக்கு ஒரு மூச்சு. டாக்டர் போன முறை எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் மட்டும் சொன்னதும் அதேதான், குறையுமே தவிர ஏறாது என்று.

உன்னை உடனே கிளம்பி வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, கையும் வரவில்லை. அளந்ததை எழுதிவிட்டேன், முடிவு உன்னுடையது. உன் மேல்வீட்டு விஷயத்துக்கு என் பதில் இதுதான்: படிவம் வாங்குவதற்கு முன்னால் ஒருமுறை படியேறிப் போய், அந்த வீட்டில் ஐந்து நிமிடம் நின்று பார். என்ன உருட்டுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு வந்து, பிறகு எழுதுவதானால் எழுது. டிரைவர் இப்போது தூங்குகிறார். நேற்று மூன்று மணிக்கு அவர் மனைவி வந்து, "குறட்டை சத்தம் தாங்கல அக்கா, எனக்கு ஒரு படிவம் வாங்கிக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாளாம். அம்மா அதை என்னிடம் சொல்லி முடிப்பதற்கு நான்கு முறை நிறுத்தினாள், ஆனாலும் விடாமல் சொன்னாள்.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், நடுவில் எழுப்புவார் இல்லாமல் தூங்க வேண்டும், எங்கள் இரண்டு பேர் மனசும் எப்போதும் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நான் இதை எழுதியது அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். சிலிண்டரை நான் பூட்டி வைத்துவிட்டேன், ஒரு சாவி என் சட்டைப் பையில், கரண்ட் போனால் எடுக்க இன்னொன்று டிரைவர் மனைவியிடம். அதனால் இனி ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போதெல்லாம் பின்னால் ஊம் என்று கேட்கும். அம்மா மெதுவாகப் பேசுவாள், நடுவில் நிறுத்துவாள். என்ன சத்தம் என்று கேட்காதே. அது கேட்கிறவரைக்கும் அவள் இருக்கிறாள்.

இப்படிக்கு,
பின்னறை வாசலில் நாற்காலி போட்டிருக்கும்
உன் அப்பா